ரியர் விங் மவுண்ட்: அலுமினியமா, கை லே-அப் கார்பனா, வேக்குவம் பேக்கா, பிரீப்ரெக்கா?

விஐடியில் பிரவேகா, ஓஜஸ் போன்ற ஃபார்முலா ஸ்டூடண்ட் அணிகள் (மாணவர்களே பந்தயக் கார் செய்து போட்டியிடுபவை) இருப்பதால் காட்பாடிப் பக்கம் கார்பன் ஃபைபர் பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சொந்தக் காரில் ரியர் விங் பொருத்தி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய் வருபவர்களும் இங்கே இருக்கிறார்கள். வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தானே. இரு தரப்பும் கேட்பது ஒன்றைத்தான்: விங்கைத் தாங்கும் மவுண்டை கார்பனில் செய்தால் உறுதியாக இருக்குமா? இருக்கும். ஆனால் எப்படிச் செய்த கார்பன் என்பதைப் பொறுத்து அது அலுமினியத்தை மிஞ்சும், அல்லது அதைவிட மோசமாகும். இழையின் தரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். இந்த ஊரில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பிசினான ரெசின் எவ்வளவு சூடு தாங்கும், போல்ட் ஓட்டையைச் சுற்றி என்ன இருக்கிறது.

முதலில் சுமையைக் கணக்குப் போடுவோம். 1.4 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம் உள்ள விங், மணிக்கு 160 கி.மீ. வேகம், லிஃப்ட் கெழு (விங் எவ்வளவு விசை தரும் என்பதற்கான எண்) 1.2 என்று வைத்தால் கீழே அழுத்தும் விசை சுமார் 500 நியூட்டன் வருகிறது. ஒரு சிமென்ட் மூட்டையின் எடை. பின்னால் இழுக்கும் விசை அதில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மவுண்ட் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 25 கிலோ. நேராக அழுத்தும் இந்தச் சுமையை எந்தத் தகடும் தாங்கிவிடும். தகட்டைக் கொல்வது பக்கவாட்டு ஆட்டம், தடத்தின் ஓர மேடான கெர்பில் ஏறும்போது வரும் அதிர்வு, காரை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டில் யாரோ விங்கைப் பிடித்துக் காரைத் தள்ளுவது. ஆகவே முறியும் வலிமையை விட விறைப்புதான் முக்கியம்.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1969 ஸ்பெயின் கிராண்ட் ப்ரீயில், பார்சிலோனாவின் மோன்ட்ஜூயிக் தடத்தில், கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களும் ஒரே மேட்டைத் தாண்டும்போது உயரமான விங் உடைந்து தடுப்பில் மோதின. அடுத்த மொனாக்கோ பந்தயத்திலேயே அந்த உயர விங்குகளுக்குத் தடை வந்தது. ஃபார்முலா ஸ்டூடண்ட் ஜெர்மனி விதிகள் இன்றைக்கும் 225 சதுர செ.மீ. பரப்பில் 200 நியூட்டன் கொடுத்தால் 10 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது என்று கேட்பது சும்மா இல்லை.

மவுண்டின் வடிவமும் கணக்கில் வரும். கீழிருந்து பிடிக்கும் மவுண்ட் குட்டையானது, விறைப்பானது. ஆனால் விங்கின் அடிப்பக்கத்தில்தான் காற்று வேகமாக ஓடி உறிஞ்சல் உண்டாகிறது. அங்கே தகடு குறுக்கே நின்றால் ஓட்டம் கெடும். மேலிருந்து வளைந்து வந்து பிடிக்கும் ஸ்வான் நெக், அடிப்பக்கத்தைச் சுத்தமாக விட்டுவிடும். 2009-ல் ஆடி ஆர்15 லெ மான் காரில் இதைப் பயன்படுத்திய பிறகு பரவலாகத் தெரிய வந்தது. விலை என்னவென்றால் நீளம் கூடுகிறது, வளைவில் திருகல் சேர்கிறது. குட்டை மவுண்டுக்கு அலுமினியமே போதும் என்பது என் எண்ணம். ஸ்வான் நெக்கில்தான் கார்பன் தன் மதிப்பைக் காட்டும்.

அலுமினியத்துக்கு இந்த வட்டாரத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. ராணிப்பேட்டையில் பெல் ஆலையைச் சுற்றியும் சிப்காட்டிலும் தகடு வெட்டுகிற, வளைக்கிற பட்டறைகள் ஏராளம். 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகடு 6 மி.மீ. வாங்கி, வரைபடம் கொடுத்து வெட்டி வாங்கிவிடலாம். குணம் எல்லா இடத்திலும் ஒன்றே. ஓட்டை போட்டாலும் பயமில்லை. அளவு மீறி சுமை வந்தால் முதலில் வளைந்து எச்சரிக்கும். நீண்ட நாள் அதிர்வில் ஓட்டை ஓரத்தில் விரிசல் விடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எடைக் கணக்கு பலரை ஏமாற்றும். 300க்கு 200 மி.மீ. அளவுத் தகடு 6 மி.மீ. அலுமினியத்தில் கிட்டத்தட்ட 970 கிராம். அதே தடிமன் கெட்டிக் கார்பனில் 540 கிராம். ஜோடிக்கு ஒரு கிலோகூட மிச்சமில்லை. அதோடு, எல்லாத் திசையிலும் இழை போட்ட கார்பன் தகட்டின் விறைப்பு எண் 45 ஜிகாபாஸ்கல் வாக்கில்தான், அலுமினியத்துக்கு 69. ஒரே தடிமனில் கார்பன் தகடுதான் அதிகம் வளையும்! கார்பன் வாங்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கார்பன் ஜெயிப்பது சாண்ட்விச்சில். நடுவில் 7 மி.மீ. பிவிசி ஃபோம், இருபுறமும் 1.5 மி.மீ. கார்பன் தோல். 200 கிராம் துணியில் பக்கத்துக்கு ஆறேழு அடுக்கு. மொத்தம் 10 மி.மீ. தடிமன், எடை 300 கிராமுக்குச் சற்று மேல், பக்கவாட்டு விறைப்பு 6 மி.மீ. அலுமினியத்தைப் போலக் காகிதக் கணக்கில் இரு மடங்கு. ஃபோம் உள்ளுக்குள் சறுக்கிக் கொடுப்பது கொஞ்சத்தைத் தின்றாலும் மூன்றில் ஒரு பங்கு எடையில் இது பெரிய லாபம்.

சரி, அதை எப்படிச் செய்வது? இங்கேதான் வேலூர் வெயில் குறுக்கே வருகிறது. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி ரெசின், மேற்கொண்டு சூடேற்றாமல் விட்டால் 50, 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் நிழல் வெப்பமே 40 தாண்டுகிற ஊரில், திறந்த வெளியில் நிற்கும் காரின் கறுப்புக் கார்பன் 70 டிகிரியைத் தொட்டுவிடும். காலையில் இரும்பு மாதிரி இருந்த மவுண்ட் மதியம் போல்ட் இறுக்கத்துக்குக் கீழே மெல்ல அமுங்கும், போல்ட் தளரும். குளிர் நாட்டுக்காரர் செய்து காட்டும் முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை அதில் தெரியாது. ஆகவே எந்த முறையில் செய்தாலும் போஸ்ட் க்யூர், அதாவது இறுகிய பாகத்தை மறுபடி சூடேற்றிக் கெட்டிப்படுத்துவது, கட்டாயம்: ரெசினின் தகவல் தாளில் உள்ளபடி மணிக்குப் பத்து டிகிரி வீதம் மெதுவாக ஏற்றி, 80 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைத்து, மெதுவாகவே இறக்க வேண்டும். தெர்மோகோல் பெட்டி அந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணாடிக் கம்பளி வைத்த தகரப் பெட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹீட்டர், இரண்டு தெர்மோமீட்டர் போதும். எபாக்ஸி வாங்கும்போதே போஸ்ட் க்யூருக்குப் பின் எத்தனை டிகிரி வரை விறைப்பு நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

வெயில் இன்னொரு இடத்திலும் கெடுக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கலந்த ரெசின் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகிறது. 25 டிகிரியில் அரை மணி கிடைப்பது மே மாதத்தில் பத்துப் பதினைந்து நிமிடம்கூட நிற்காது, டப்பாவிலேயே புகைந்துவிடும். விடியற்காலையில் செய்யுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றுங்கள்.

கை லே-அப் மலிவு. மெருகேற்றிய கிரானைட் பலகையில் மெழுகு தேய்த்து, துணி வைத்து, உருளையால் ரெசின் ஏற்றினால் தகடு தயார். ஆனால் இழையின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம். மீதி ரெசின், இடையில் காற்றுக் குமிழி. அலங்காரப் பாகத்துக்குச் சரி. விங்கைத் தாங்குவதற்கு நான் சொல்ல மாட்டேன். உள்ளூர் ஃபைபர் பட்டறைகளில் வேன் பாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஊற்றும் பாலியஸ்டர் ரெசினில் கார்பன் துணியைப் போடுவது அதைவிட மோசம். அது கார்பன் இழையோடு சரியாக ஒட்டாது, இறுகும்போது சுருங்கும்.

அதே லே-அப்பின் மேல் பீல் பிளை (இறுகிய பின் உரித்தெடுக்கும் துணி), உறிஞ்சும் பஞ்சு, பை போட்டுக் காற்றை இழுத்தால் கதையே வேறு. சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ வரை வளிமண்டலமே அமுக்கித் தருகிறது. உபரி ரெசின் வெளியேறி இழையின் பங்கு 50 சதவீதத்தை நெருங்கும். ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்பே போதும். குழாயில் ரெசின் புகாமல் நடுவில் ஒரு பொறிக் குடுவை வைத்தால் சரி. பை கசியாமல் ஒட்டுவதில்தான் பொறுமை வேண்டும். உலர்ந்த துணியில் ரெசினை உறிஞ்ச வைக்கும் இன்ஃப்யூஷன் இன்னும் சுத்தமானது. கை பிசுக்கு இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே எடை வரும். ஆனால் ஒரு சிறு கசிவு போதும், முழுத் துண்டும் குப்பை. முதல் முறை செய்பவருக்கு வேக்குவம் பேக், கை பழகியவருக்கு இன்ஃப்யூஷன்.

பிரீப்ரெக் இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது. ரெசின் அளந்து ஏற்றிய துணி, அழுத்தமும் சூடும் சேர்த்துத் தரும் ஆட்டோகிளேவ் கலத்தில் 60 சதவீதம் வரை இழை, 120 டிகிரியில் இறுகியதால் வெயில் பற்றிய கவலையே இல்லை. ஆனால் அதை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். வண்டியில் ஊர் வந்து சேரும் வரை குளிர் தொடர வேண்டும், பிறகு மின்தடை வந்தாலும் ஃப்ரீசர் தாங்க வேண்டும். ஒரு ஜோடி மவுண்டுக்காக ரோல் வாங்குவது வீண் செலவு. கல்லூரி ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஃபோர்ஜ்டு கார்பனைப் பலரும் கேட்கிறார்கள். லம்போர்கினி 2010-ல் செஸ்டோ எலமென்டோ காரில் காட்டிய பிறகு வந்த மோகம். நறுக்கிய இழையை ரெசினோடு அச்சில் அழுத்துவது. இழை எந்தத் திசையில் விழுந்தது என்பது நம் கையில் இல்லாததால் நீளமான தகட்டுக்கு இதை நம்ப மாட்டேன். ஆனால் மவுண்ட் காரில் உட்காரும் கட்டையான பாதத்துக்கு இது அருமை. தடிமன் மாறும் வடிவம் சுலபமாக வரும். அலுமினியத்தின் மேல் கார்பன் துணி போர்த்துவது வெறும் தோற்றத்துக்கு.

இப்போது ஓட்டைகள். கார்பன் மவுண்ட் நடுவில் உடைவது அரிது. போல்ட் ஓட்டையில்தான் கிழியும். இழை எல்லாம் ஒரே திசையில் போட்டிருந்தால் போல்ட் இழைகளுக்கிடையே கோடு கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நீளவாக்கில், குறுக்கே, சாய்வாக 45 டிகிரியில் இருபுறமும் என நான்கு திசையும் ஓட்டை அருகே இருக்கட்டும். ஓட்டையின் மையம் விளிம்பிலிருந்து விட்டத்தின் மூன்று மடங்காவது தள்ளியிருக்க வேண்டும்; 6 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. சாண்ட்விச்சில் போல்ட் வரும் இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு கெட்டிக் கார்பனோ கிளாஸ் எபாக்ஸிக் கட்டையோ வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்போதே நசுங்கும். அகல வாஷர் இருபுறமும். துளையிடக் கார்பைடு டிரில் பிட், பின்னால் பிளைவுட் பலகை, முகத்தில் நல்ல மாஸ்க்; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அலுமினியத்தோடு கார்பனை நேரடியாக ஒட்ட வைக்காதீர்கள். ஈரம் பட்டால் கார்பன் மின்முனையாகி அலுமினியத்தை அரிக்கும். இடையில் ஒரு அடுக்கு கண்ணாடி இழைத் துணி போதும். போல்ட் ஸ்டெயின்லெஸ்.

மவுண்ட் எத்தனை உறுதியாக இருந்தாலும் டிக்கி மூடியின் தகரம் அதைவிட மெலிந்தது. உள்ளே உள்ளங்கையளவு பேக்கிங் தகடு வையுங்கள். முடிந்தால் சுமையை பம்பர் பீமுக்குக் கொண்டுபோங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் டிராக்கில் மாட்டி, வீடு திரும்பும்போது கழற்றும்படி வடிவமைப்பது நல்லது.

குட்டை மவுண்ட் என்றால் 6 மி.மீ. அலுமினியம். ஸ்வான் நெக் என்றால் வேக்குவம் பேக் செய்து போஸ்ட் க்யூர் ஏற்றிய சாண்ட்விச். எதுவானாலும் ஓடவிடும் முன் சோதியுங்கள்: விங்கின் மேல் மணல் பைகளை அகலமாகப் பரப்பி 100 கிலோ ஏற்றி, அளவுகோல் வைத்து இறக்கத்தைக் குறியுங்கள், இறக்கிய பின் பழைய இடத்துக்கு வருகிறதா பாருங்கள். இதையே வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திய பிறகும் ஒருமுறை செய்யுங்கள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மங்கும். அப்புறம் ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் சில சுற்றுகள் முடிந்து பிட்டுக்கு வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் மறுபடி இறுக்குங்கள்.