அம்மா விழுந்த இரவும் அந்த அவசரப் பிரிவும்

குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு வயது 78. 108 ஆம்புலன்ஸ் காசு வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தத் தனியார் மருத்துவமனையில் இளம் டாக்டர் முதலில் கேட்டதே, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்றுதான். ஆமாம், வார்ஃபரின். நெற்றியில் சின்ன வீக்கம்தான், அம்மாவும் தெளிவாகப் பேசினார். இருந்தும் உடனே தலைக்கு சிடி ஸ்கேன். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உள்ளே மெதுவாக ரத்தம் கசியலாமாம். நல்லவேளை, தலையில் ஒன்றுமில்லை. இடது இடுப்பில்தான் முறிவு. டாக்டருக்கு முழு மதிப்பெண்.

அப்புறம்தான் கடுப்பு. முன்பணம் கட்டிய ரசீது வந்தால்தான் வலிக்கு ஊசியாம். நாற்பது நிமிடம் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடியே கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தடுப்பும் இல்லை. விடியும்வரை ஸ்டூலைப் போட்டு நானே உட்கார்ந்திருந்தேன்.