போர்டில் இருந்த அப்ரூவல் நம்பர் உண்மை, எங்களுக்குக் காட்டிய மனைதான் பூங்கா

கடலூரில் நெல்லிக்குப்பம் சாலை, செம்மண்டலம், திருப்பாப்புலியூர் என்று சுற்றிச் சுற்றிக் குறைந்த விலையில் மனை தேடுபவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்கும் ஆளின் பெயரையும் மனைப்பிரிவின் பெயரையும் எழுதவில்லை. விவகாரம் கோர்ட் வரை போயிருக்கிறது, பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு சிப்காட்டில் வேலை, மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். மனை, வீடு, பத்திரச் செலவு எல்லாம் சேர்ந்து 30 லட்சத்துக்குள் முடிய வேண்டும் என்பது எங்கள் கணக்கு. டவுனுக்குள் அந்தப் பணத்துக்கு ஒன்றும் தேறாது. பாகூர் பக்கமும் பார்த்தோம். ஆனால் அது பாண்டிச்சேரி எல்லை. கொம்யூன் பஞ்சாயத்து, வேறு அப்ரூவல், வேறு நில ஆவணம் என்று எல்லாமே தனி. நமக்குத் தெரிந்த தமிழ்நாட்டு இணையதளங்களில் அந்த நிலத்தைத் தேடவே முடியாது. அதனால் நெல்லிக்குப்பம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவுக்கு வந்து சேர்ந்தோம்.

வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் நம்பர், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இரண்டும் கொட்டை எழுத்தில். வீட்டுக்கு வந்து ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். நம்பர் சரி, இடம் சரி, மனை போட்டு விற்கும் புரொமோட்டர் பெயரும் சரி. இந்த மோசடியின் கெட்டிக்காரத்தனமே இதுதான். போர்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மேனேஜர் 1,200 சதுர அடியில் ஒரு கார்னர் மனையைக் காட்டினார். "பக்கத்து மனையெல்லாம் சதுர அடி 900 சார். இந்த நாலு மனை மட்டும் ஆஃபர், 750-க்குத் தர்றோம்." 9 லட்சம். கூடவே, மத்திய அரசு மானியம் 2.67 லட்சம் கிடைக்கும், அதைக் கழித்துப் பாருங்கள் என்றார். அந்த மானியத் திட்டம் 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. 2024-இல் வந்த புதுத் திட்டத்தில் அதிகபட்சம் 1.80 லட்சம்தான். அதற்கும் வருமானம், வீட்டின் மதிப்பு, கடன் தொகை என்று வரம்புகள் இருக்கின்றன. இதை அவரிடமே சொன்னேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார்.

அட்வான்ஸாக ஒன்றரை லட்சம் கேட்டார்கள். மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கொடுத்தோம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொன்னதற்கு, "எதுக்கு சார் வீண் செலவு, ஒரு மாசத்துல கிரயமே பண்ணிடப் போறோம்" என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். ரெரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. 9 லட்சத்துக்கு அது 90,000. தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இரண்டும் தெரியாமல் இந்தத் தொழிலில் யாரும் இருக்க முடியாது.

வரைபடம் கேட்டதற்கு ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் கொடுத்தார்கள். அதில் எங்கள் மனைக்கு எண் இருந்தது, அளவு இருந்தது. பூங்கா எங்கே என்று கேட்டோம். கிழக்கே காலியாகக் கிடந்த ஒரு நீளத் துண்டைக் கை காட்டினார் மேனேஜர். அது வாய்க்கால் புறம்போக்கு என்று பிறகு தெரிந்தது.

விஷயம் உடைந்தது வங்கியில். கடனுக்குப் போட்டபோது பத்திரங்களைச் சரிபார்க்கும் அவர்களுடைய பேனல் வக்கீல் இரண்டு காகிதம் கேட்டார். ஒன்று, அலுவலக முத்திரையோடு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். இன்னொன்று, தாய் சர்வே நம்பருக்கு, அதாவது பிரிப்பதற்கு முன் மொத்த நிலத்துக்கு இருந்த எண்ணுக்கு, 30 வருட வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்). புரொமோட்டர் எங்களுக்குக் கொடுத்திருந்த வில்லங்கம் பிரித்த பிறகு வந்த உட்பிரிவு எண்ணுக்கு, கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும். அதில் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக இருந்தது. தாய் நம்பருக்குப் போட்டதும் ஊராட்சியின் பெயருக்கு ஒரு தானப் பத்திரம் வந்து நின்றது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்கென்று ஒதுக்க வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் அப்ரூவல் முழுசாகக் கைக்கு வரும். இந்தப் புரொமோட்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், அப்ரூவலும் வாங்கிவிட்டார். அதன் பிறகு, தானம் கொடுத்த பூங்காவையே நான்காகக் கூறு போட்டு, சதுர அடிக்கு 150 ரூபாய் குறைத்து விற்கிறார். மலிவு விலையின் ரகசியம் அவ்வளவுதான்.

மனைவி நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். செயலர் ஃபைலை எடுத்து ஒரிஜினல் வரைபடத்தை விரித்தார். எங்கள் மனை இருந்த இடம் முழுக்கப் பச்சை அடித்து, பூங்கா என்று எழுதியிருந்தது.

மேனேஜரிடம் கேட்டபோது கொஞ்சமும் அசரவில்லை. "பேங்க்காரன் அப்படித்தான் சொல்லுவான். நம்ம ஃபைனான்ஸ்ல ஒன்றரை வட்டிக்கு ஏற்பாடு பண்றேன் சார், லீகல் எல்லாம் கேக்க மாட்டாங்க." நூற்றுக்கு மாதம் ஒன்றரை என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். பிறகு, பக்கத்து மனைக்காரர் ரிஜிஸ்டரே பண்ணிவிட்டார் என்று ஒரு பத்திர நகலைக் காட்டினார். பத்திரம் பதிவானால் பூங்கா மனையாகிவிடுமா? வீடு கட்ட அனுமதி கேட்டு அவரும் அதே ஊராட்சியில்தான் போய் நிற்க வேண்டும். அந்த மனிதரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அலைந்தோம். தவணை தவணையாக 90,000 வந்தது. மீதி 60,000-க்குக் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பிவிட்டது. செக் திரும்பினால் ஆறப் போடாதீர்கள். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "அடுத்த வாரம் தர்றேன் சார்" என்று அவர்கள் இழுப்பதே இந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான். நாங்கள் கெடுவுக்குள் போட்டுவிட்டோம். ரெராவிலும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது, வட்டி ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இடம் பார்த்தது சித்திரை வெயிலில். அந்த வெயிலில் எல்லா மனையும் மேடுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பொங்கியபோது அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். டீக்கடையில் கேட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்த கறை கண்ணில் பட்டது. மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். மனை எண்ணை வைத்துத் தேடாதீர்கள். மூலப்பத்திரத்தில் உள்ள தாய் சர்வே நம்பரைப் போட்டு, எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய்ப் பாருங்கள். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் இருந்தால், அதில் எழுதியிருக்கும் நான்கு பக்க எல்லைகளை உங்கள் மனையோடு ஒப்பிடுங்கள்.

அந்த மனைப்பிரிவில் இன்னும் விற்பனை நடக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கிரயத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் 'ஆஃபர் மனை' என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், மீதிப் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் ஒரிஜினல் வரைபடத்தைக் கேளுங்கள். எங்களுக்குக் காட்டினார்கள், உங்களுக்கும் காட்டுவார்கள்.