வீட்டுக்கே வந்து கையால கார் பாலிஷ் போடறோம்னு ஆப்ல வர்றவங்கள நம்பாதீங்க, அரை மாசச் சம்பளம் போச்சு

டைப் பண்ணும்போதே கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. அரை மாசச் சம்பளம். ஒரே மதியத்துல முழுசா குடுத்துட்டு, பதிலுக்கு பானட்ல பெயிண்ட் போன காரோட நிக்கறேன். இன்னொருத்தர் இதே மாதிரி மாட்டக்கூடாதுன்னுதான் எழுதறேன், ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா போடறேன்.

கார் எங்க அப்பாவோடது, அடர் நீலம், 11 வருஷம் ஆச்சு. அப்பா இருந்தவரைக்கும் வெளிய எங்கயும் கழுவ விட்டதில்ல. வெயில் ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கெட் எடுத்து வெப்பார், ஒன்னுல ஷாம்பு தண்ணி, இன்னொன்னுல வெறும் தண்ணி. துணிய ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணில அலசிட்டுதான் ஷாம்புல முக்கணும், இல்லன்னா மண்ண எடுத்து மண்ணாலயே தேய்க்கற மாதிரிதான்னு சொல்லுவார். மேலருந்து கீழ வரணும், சக்கரத்துக்கு தனி துணி. அவர் போனப்புறம் நானும் அப்படியேதான் பண்ணிட்டு வரேன், வேக்ஸும் நானே போடுவேன். இந்த தடவை மணிக்கட்டு வீங்கிப்போய் டாக்டர் ஒரு மாசத்துக்கு அழுத்தித் தேய்க்கற வேலையே கூடாதுன்னுட்டார், அதான் வெளி ஆள கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கவே கூடாது.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஆப் ஒன்னு. புகார் போயிட்டிருக்கு, அதனால பேர் போடல. அதுல 'கையால மட்டும், மெஷின் கிடையாது, 100% கார்னாபா வேக்ஸ், 1 வருஷ வாரண்டி'ன்னு போட்டிருந்தான். மெஷின் வேணாம்னு நெனச்சவளுக்கு அந்த 'கையால மட்டும்' போதும், புக் பண்ணிட்டேன்.

வந்த ஆள் கைல ஒரே ஒரு பக்கெட். வந்ததும் காஞ்ச துணிய எடுத்து தூசியோட கூரைய துடைக்க ஆரம்பிச்சான். ஐயோ தண்ணி ஊத்தாம தேய்க்காதீங்கன்னு ஓடிப்போய் சொன்னேன். "இது மைக்ரோஃபைபர் மேடம், கீறல் விழாது." எந்தத் துணியா இருந்தா என்னங்க, நடுவுல மண் இருந்தா கீறத்தானே செய்யும்? அங்கயே அனுப்பியிருக்கணும். மனசு சொல்லிச்சு, நான் கேக்கல.

ஏன் கேக்கலன்னா அடுத்து அவன் பண்ணின வேலை அப்படி. பானட்டுக்கு நடுவுல மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு பாதிய மட்டும் பாலிஷ் போட்டுத் துடைச்சுட்டு, டேப்ப உரிச்சுட்டு என்ன கூப்பிட்டான். "தொட்டுப் பாருங்க மேடம்." ஒரு பக்கம் மங்கல், இன்னொரு பக்கம் மாமரத்து இலை ஒவ்வொன்னா தெரியுது. அப்பா புதுசா ஓட்டிட்டு வந்த அன்னிக்கு இருந்த நீலம். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அத அவன் பாத்தான். உடனே, "இப்பவே முழுப்பணம் போட்டுட்டீங்கன்னா அடுத்த மாசம் ஒரு கோட் ஃப்ரீ மேடம்"னான். போட்டுட்டேன். வேலை பாதிகூட முடியல, அரை மாசச் சம்பளம் அவன் அக்கவுண்ட்ல.

பணம் போனதும் வேகம் மாறிடுச்சு. ரெண்டு விரல மட்டும் அழுத்தி பானட்டோட மடிப்புக் கோடு மேல பரபரன்னு தேய்க்கறான், துணிய திருப்பினப்ப வெள்ளைத் துணில நீலக்கறை. லேசா இல்ல, ஊதா மையில முக்கின மாதிரி. இது என்ன கலர் வருதுன்னு கேட்டேன். "பல வருஷ அழுக்கு மேடம், இப்பதான் வெளிய வருது." நானும் தலையாட்டினேன். இத எழுதும்போதுதான் ரொம்ப ஆத்திரம் வருது.

விஷயம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். இப்ப வர்ற கார்ல பெரும்பாலும் கலருக்கு மேல கிளியர் கோட்னு கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத ஒரு படலம் இருக்கும். மொத்தமே 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடி கனம்கூட தேறாது. பாலிஷ்ங்கறது அந்தப் படலத்த துளியூண்டு தேய்ச்சு எடுக்கற வேலை, வேக்ஸ் அதுக்கு மேல போடற காப்பு. கிளியர் கோட் இருக்கற கார்ல துணில கார் கலர் வருதுன்னா அந்தப் படலம் அங்க காலி, நேரா கலரயே தேய்ச்சுட்டு இருக்கான்னு அர்த்தம். வெயில தடுக்கற சரக்கெல்லாம் அந்தப் படலத்துலதான் இருக்கு, போனா போனதுதான். மடிப்புலயும் ஓரத்துலயும் பெயிண்ட் இயல்பாவே மெல்லிசு, அங்க போய் விரல வெச்சு அழுத்தறதா?

ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. தம்பி ரெண்டு தடவை கழுவினான், எப்பவும் போடற அதே ஷாம்பு, நான் பக்கத்துலயே நின்னேன். ரெண்டாவது தடவை கழுவி வெயிலுக்கு எடுத்தா கூரை பூரா சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமா கோடு, பழைய கீறல் எல்லாம் திரும்பி வந்து நிக்குது, பானட் மடிப்புல விரல் அகலத்துக்கு வெளுத்துப்போய் ஒரு கோடு. கறுப்பு பிளாஸ்டிக் பட்டியெல்லாம் வேக்ஸ் காஞ்சு வெள்ளையா படிஞ்சிருக்கு, டேப் ஒட்டாமயே போட்டிருக்கான்.

போன் பண்ணினேன். முதல் தடவை, "வெயில்ல எல்லா காரும் அப்படித்தான் மேடம் தெரியும்." ரெண்டாவது தடவை, "என்ன ஷாம்பு போட்டீங்க? அதுலதான் பிரச்சனை." போட்டோ அனுப்பினா, "ஒன்னும் தெரியலயே." மூணாவது தடவை சொன்னான் பாருங்க, "வீட்ல சார் யாராவது இருந்தா குடுங்க மேடம், அவருக்கு சொன்னா புரியும்." எனக்கு புரியாதாம்! அப்பாகூட நின்னு இந்த கார வருஷக்கணக்கா கழுவினவ நான். அதுக்கப்புறம் பிளாக்.

ஆப்ல சாட் பண்ணா, சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரம் காத்திருங்கள். காத்திருந்தேன். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ் வந்துச்சு. யார் தீர்த்தா, என்ன தீர்த்தா? மறுபடி புகார் போட்டா, வேலை முடிஞ்ச அன்னிக்கே சொல்லலயேன்னு கேக்கறாங்க. வாரண்டிய பத்தி கேட்டா, அது வேக்ஸுக்கு மட்டும்தான், பெயிண்ட்டுக்கு இல்லயாம். அந்த வாரண்டியே பொய். கார்னாபா வேக்ஸ் நல்லா போட்டாலே ரெண்டு மூணு மாசம் தாங்கினா பெரிசு, வருஷம் எங்கருந்து வரும்? 100%னு டப்பால போட்டிருந்ததும் பொய்தான். கார்னாபா பிரேசில்ல ஒரு பனை இலைலருந்து எடுக்கற மெழுகு, சுத்தமா இருந்தா செங்கல் மாதிரி கெட்டியா இருக்கும், உருகறதுக்கே 80 டிகிரிக்கு மேல சூடு வேணும். வேற எண்ணெய், கரைப்பான் கலக்காம அத கைல எடுத்து தடவவே முடியாது. அவன் டப்பால இருந்தது வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு.

நேத்து தெரிஞ்ச பெயிண்டர்கிட்ட காட்டினேன். அவர் பேசவே இல்ல, ஐசோப்ரொபைல் ஆல்கஹால தண்ணில கலந்து ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல வெச்சிருந்தார், கதவுல அடிச்சு துடைச்சார். அந்த எடத்துல இருந்த பளபளப்பு அப்படியே போயி கீறல் மொத்தமும் பல்ல காட்டிச்சு. கீறல எடுக்கவே இல்லம்மா, எண்ணெய் மாதிரி ஒன்ன பூசி ரொப்பி வெச்சிருக்கான்னார். பானட்ட பத்தி கேட்டேன். பாலிஷ்ல சரியாகாது, முழுசா திரும்ப பெயிண்ட்தான் அடிக்கணும்னுட்டார். அதுக்கு தனியா செலவு. குடுத்த அரை மாசச் சம்பளம் போக.

கவனிக்க வேண்டியது விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்கு மனசு இல்ல, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். காஞ்ச துணியோட கார்கிட்ட வந்தா அப்பவே நிறுத்துங்க. வேலை முடிஞ்சு வெயில்ல பாக்கறதுக்கு முன்னாடி பைசா குடுக்காதீங்க. பாலிஷ் முடிஞ்சதும், வேக்ஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு எடத்துல அந்த ஆல்கஹால் தண்ணி அடிச்சு துடைச்சுக் காட்ட சொல்லுங்க, மாட்டேன்னா அனுப்பிடுங்க. நகம் மாட்டற அளவுக்கு ஆழமான கீறல எந்த வேக்ஸும் எடுக்காது, எடுப்பேன்னு சொல்றவன் பொய் சொல்றான். துணில கலர் வந்தா கைய பிடிச்சு நிறுத்துங்க.

அவன் அந்த நீலக்கறை துணிய கேட்லயே போட்டுட்டு போயிருந்தான். நல்லவேளை துவைக்கல, கவர்ல போட்டு வெச்சிருக்கேன், பெயிண்டர் எழுதிக் குடுத்த சீட்டும் இருக்கு. நாளைக்கு ரெண்டையும் எடுத்துட்டு நேரா நுகர்வோர் புகார் குடுக்கப் போறேன்.