நோமல் எண்டு சரி போட்ட ரிப்போட்டும் அப்பான்ர குளிசையும்

ஆறு வருசத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் போய் வந்தனான். நல்லூர், கீரிமலை, அம்மான்ர சொதி எல்லாம் இன்னொரு நாளைக்கு எழுதுறன், இண்டைக்கு ஒரு நீலப்பேனைச் சரியைப் பற்றி எழுதாட்டி எனக்கு மனம் ஆறாது.

அப்பாக்கு 71 வயசு, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஹார்ட் அற்றாக் வந்து ஸ்ரென்ற் வைச்சவர். நான் போய் மூண்டாம் நாள் பார்க்கிறன், கொழுப்பைக் குறைக்கிற அற்றோவஸ்ரற்றின் குளிசை அட்டை உடைக்காமல் அப்பிடியே கிடக்கு. ஏனப்பா போடேல்லை எண்டு கேட்டா, "அது நோமலாப் போச்சு பிள்ளை, உந்த ரிப்போட்டைப் பார்" எண்டு நீட்டுறார். எல்டிஎல், அதான் கெட்ட கொழுப்பு, 112. பக்கத்தில 130க்கு கீழ நோமல் எண்டு அச்சடிச்சிருக்கு, அதுக்கு மேல நீலப்பேனையால பெரிசா ஒரு சரி. லாப் கவுண்டரில நிண்டவர் போட்டது, போட்டிட்டு "பயப்பிட ஒண்டுமில்லை ஐயா" எண்டும் சொல்லியிருக்கிறார், அப்பா அண்டையோட குளிசையை விட்டிட்டார். ஐஞ்சு கிழமை!

எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. நான் இருக்கிற ஒஸ்லோவில இந்தக் கணக்கு வேற அலகில வரும், 112ஐ 38.67ஆல பிரிச்சா 2.9. அங்க ஹார்ட் அற்றாக் வந்த ஒருத்தருக்கு 2.9 வந்தா டொக்டர் விடமாட்டார், 1.8க்கு கீழ, ஏலுமெண்டா 1.4க்கு கீழ கொண்டுவரப் பார்ப்பினம். யாழ்ப்பாண லாப் அளவில அது 70, 55. அந்த 130 ஒரு வருத்தமும் இல்லாத ஆக்களுக்கு அச்சடிச்சது. அதோட அந்த 112ஏ குளிசை போட்டு வந்த 112 எண்டதை ஒருத்தரும் யோசிக்கேல்லை.

அடுத்தநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப அதே லாப். உங்களுக்குத் தெரியும்தானே, ராத்திரியே சாப்பாட்டை நிப்பாட்டி, விடிய நம்பர் எடுத்து, வெறும் வயித்தோட வாங்கில இருக்கிற இருப்பு. நோர்வேயில கொலஸ்ரோலுக்கு எண்டு என்னை ஒருநாளும் பசி கிடக்கச் சொன்னதில்லை. ஊசி குத்துறவர் வரேக்க எட்டரை, அப்பான்ர கை நடுங்கத் தொடங்கீட்டுது. கவுண்டரில கேட்டனான், ஏன் தம்பி இதில சரி போட்டனீங்கள் எண்டு. "அக்கா, மெசின் நோமல் எண்டு காட்டினா நாங்கள் சரி போடுறது, ஐயாக்கு ஸ்ரென்ற் வைச்சது எங்களுக்கு எப்பிடித் தெரியும்" எண்டார். தெரியாட்டி ஏன் பேனையை எடுக்கிறீங்கள்? பின்னால நிண்ட ஆக்கள் எல்லாம் என்னைத்தான் பாத்தவை, வெளிநாட்டில இருந்து வந்து சண்டை பிடிக்கிறா எண்டு நினைச்சிருப்பினம், பரவாயில்லை.

பின்னேரம் ரிப்போட் வந்துது, 171.

அண்டைக்கே டொக்டரைச் சனல் பண்ணி (காசு கட்டி நம்பர் எடுத்து), நம்பர் 34, உள்ளுக்குப் போகேக்க ஒம்பது மணி. மூண்டு நிமிசத்தில எழுதித் தந்து அனுப்பிவிடுவார் எண்டுதான் நினைச்சனான். ஆனா அந்தப் பெடியன் டொக்டர் (என்ர தம்பியிலும் வயசு குறைவு) அப்பாவைக் கிட்ட இருத்தி, "ஐயா, கொழுப்பு எங்க படியுது எண்டு நினைக்கிறியள்?" எண்டு கேட்டார். எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலில சுண்ணாம்பாப் படியிற மாதிரிக் குழாய்க்குள்ள படியுது எண்டார் அப்பா. நானும் இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சிருந்தன்.

டொக்டர் எழும்பி, யன்னலுக்குக் கீழ ஈரம் ஊறிப் பொம்மியிருந்த சுவரைப் பேனையால தட்டிக் காட்டினவர். மேலால படியிறேல்லை ஐயா, இப்பிடி உள்ளுக்க ஊறுறது. ரத்தத்தில எல்டிஎல் கூடினா அது நாடிச் சுவருக்குள்ள பூந்து அங்கயே தங்கிப் பழுதாகும், அதை அள்ளித் தின்ன வாற வெள்ளை அணுக்கள் கொழுப்பால ஊதிப்போய் அதுக்குள்ளயே செத்துக் கிடக்கும், மேல ஒரு மெல்லிய தோல் மூடும். அந்தத் தோல் வெடிச்சா ரத்தம் அந்த இடத்தில கட்டிபட்டு ஓட்டத்தை அடைக்கும், அதுதான் உங்களுக்கு வந்த அற்றாக். குளிசை கொழுப்பையும் குறைக்கும், அந்தத் தோலையும் வெடிக்க விடாமல் வைச்சிருக்கும், ஒரு ரிப்போட் நல்லா வந்திட்டுது எண்டு விடுற சாமான் இல்லை எண்டார். சொல்லேக்க பேனை பட்ட இடத்தில சுண்ணாம்பு பொலபொல எண்டு உதிர்ந்து நிலத்தில விழுந்துது. அப்பா அதையே பாத்துக்கொண்டிருந்தார்.

வீட்டை வந்து நானும் தேடி வாசிச்சன். 1994இல 4,444 இருதய நோயாளியளை வைச்சு ஸ்கன்டிநேவியாவில செய்த ஆராய்ச்சி, நான் இருக்கிற நோர்வேயும் அதுக்குள்ள இருக்கு. அப்பான்ர குளிசை மாதிரியே இன்னொண்டான சிம்வஸ்ரற்றின் குடுத்த பக்கத்தில ஐஞ்சு வருசத்துக்குக் கிட்ட சாவு 30 வீதம் குறைஞ்சிருக்கு. முப்பது வருசத்துக்கு முந்தியே தெரிஞ்ச விசயம், ஒரு பேனைக் கீறு அதை என்ர அப்பாட்ட இருந்து ஐஞ்சு கிழமைக்குப் பறிச்சுப் போட்டுது.

டொக்டர் குளிசையை 10 மில்லிகிராமில இருந்து 40 ஆக்கி, ஆறு கிழமையால திரும்ப ரெஸ்ட் எண்டு எழுதித் தந்தவர். கிளினிக் கொப்பி மட்டையில சிவப்பு மையால "எல்டிஎல் 55க்கு கீழ" எண்டு பெரிசா எழுதி வைச்சிட்டு வந்திருக்கிறன். பக்கத்து வீட்டுப் பெடியனிட்டயும் சொல்லியாச்சு, ரிப்போட் கைக்கு வந்த உடன, அதில ஆர் என்ன சரி போட்டிருந்தாலும், முதல் எனக்குப் படம் எடுத்து அனுப்போணும் எண்டு.