நந்தி மலையா, லேபாட்சியா, காவிரிக் கரையா: ஒரே நாளில் போய்வர எது தேவலை?

பெங்களூர் அல்சூரில் வீடு இருந்தால் லீவுக்கு ஊரிலிருந்து ஆள் வராமல் இருக்காது. எங்கள் வீட்டுக்கு வருஷம் இரண்டு தடவை ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தையும் மாமாவும் வருவார்கள், சேலத்திலிருந்து சித்தி பிள்ளைகள் வருவார்கள். லால்பாக்கும் கப்பன் பார்க்கும் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். அப்புறம் ராத்திரி சாப்பாட்டில் கேள்வி வரும்: "நாளைக்கு எங்கப்பா?"

விடிகாலை கிளம்பினால் இரவு வீட்டில் வந்து படுக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்குக் கோயில் என்றாலே கொட்டாவி. இத்தனையும் பார்த்துக் கழித்தால் என் கையில் மிஞ்சுவது மூன்று வழிதான்.

பெங்களூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது நந்தி ஹில்ஸ். அறுபது கிலோமீட்டர்தான், உயரம் 1478 மீட்டர், சூரிய உதயம் பிரமாதம் என்பார்கள். உதயம் பிரமாதம்தான், அதைப் பார்க்கக் கிடைத்தால். போன முறை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே கிளம்பியும், மலையேறும் சாலையில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டோம். சூரியன் கார்க் கண்ணாடி வழியாக உதித்தது. "இதுக்கு உங்க வீட்டு மொட்டை மாடியே போதுமேடா" என்றார் அத்தை. மேலே போனால் பனிமூட்டம், திப்பு டிராப் என்கிற செங்குத்துப் பாறை, கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகள். காதலர்களுக்கும் பைக் பசங்களுக்கும் ஏற்ற இடம். மறுக்கவில்லை.

ஆனால் நந்தி மலையின் அசல் சொத்து அடிவாரத்தில் நந்தி கிராமத்தில் இருக்கிறது. மலையேறுகிற கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். போக நந்தீஸ்வரர் கோயில் ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. நுளம்பர், சோழர், போசளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சேர்த்திருக்கிறார்கள். அருணாசலேஸ்வரர், உமா மகேஸ்வரர், போக நந்தீஸ்வரர் என்று பக்கம் பக்கமாகச் சன்னதிகள். பெரிய கல் திருக்குளம். படியேற்றம் அதிகமில்லை, அத்தை தானாகவே ஒரு சுற்று சுற்றிவந்துவிட்டார். பாலாறும் தென்பெண்ணையும் இந்த மலைப்பக்கம்தான் பிறக்கின்றன என்று நான் சொன்னதும், அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த சித்தி பையன் நிமிர்ந்தான். தென்பெண்ணைமேல் இருக்கும் கிருஷ்ணகிரி அணை அவன் பார்த்த அணை.

நந்திக்குப் போகிற அதே ஹைதராபாத் நெடுஞ்சாலையில் இன்னும் போய், ஆந்திர எல்லை தாண்டி இடப்பக்கம் திரும்பினால் லேபாட்சி. எங்கள் வீட்டிலிருந்து 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சாலை நன்றாக இருப்பதால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். வீரபத்திரர் கோயிலை பதினாறாம் நூற்றாண்டில், விஜயநகர அரசர் அச்சுததேவராயர் காலத்தில், விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் எழுப்பினார்கள். தொங்கும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுக்காத ஆளே கிடையாது. பிள்ளைகளுக்கு அது போதும், அதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். எனக்குப் பிடித்தது கூரை ஓவியங்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். கல்யாண மண்டபம் பாதியில் நிற்கிறது. அரசாங்கப் பணத்தைக் கோயிலுக்கே கரைத்துவிட்டதாகப் பழி வர, விருபண்ணா தன் கண்களைத் தானே பிடுங்கிச் சுவரில் எறிந்தார் என்று கதை சொல்லி, சிவந்த கறையையும் காட்டுகிறார்கள். கதையை நம்புவது உங்கள் பாடு. ஊர் முகப்பில் ஒரே கல்லில் செதுக்கிய நந்தி. இருபத்தேழு அடி நீளம் என்கிறார்கள், கிட்டப் போனால்தான் அந்த அளவு உறைக்கும்.

குறை என்னவென்றால் வெயில். ஏப்ரல், மே மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலுடன் அந்தக் கல்தரையில் நிற்க முடியாது. ஒன்பது மணிக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும்.

இனி காவிரிப் பக்கம். கனகபுரா சாலை வழியாக மளவள்ளி போய், சிவசமுத்திரம், தலைக்காடு, சோமநாதபுரம் மூன்றையும் ஒரு சுற்றாகப் பார்ப்பது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் உட்கார வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் ஆகஸ்டிலிருந்து ஆயுத பூஜை விடுமுறைக்குள் போவதானால் நான் யோசிக்கவே மாட்டேன், இதுதான். மே மாதம் போனால் சிவசமுத்திரத்து அருவிகளான ககனசுக்கியும் பரசுக்கியும் வெறும் பாறைதான், ஏமாந்து திரும்புவீர்கள். கிருஷ்ணராஜ சாகர் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு அதே பாறை கண்ணுக்கே தெரியாது. நம் மேட்டூருக்கு வருகிற தண்ணீர்தான். மாமா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 1902-இல் இந்தச் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் கோலார் சுரங்கத்துக்குத்தான் முதலில் போனது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கப்புறம், 1905-இல். அதைச் சொல்லும்போது மாமா குரலில் ஒரு மிதப்பு வரும்.

சிவசமுத்திரம் தீவிலேயே ரங்கநாதர் கோயில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், இது மத்தியரங்கம், கடைசியில் ஸ்ரீரங்கம். "நம்ம பெருமாள் இங்க வாலிபமா இருக்காருடா" என்று அத்தை முழங்கால் வலியையே மறந்து நின்றார்.

தலைக்காட்டில் கோயில்கள் மணல் மேட்டுக்கு நடுவே குழிக்குள் இருக்கின்றன. அலமேலம்மா என்ற ராணியின் சாபத்தால் ஊர் மணல் மூடிப்போனது என்பது வழிவழிக் கதை. கங்கர் தலைநகராக இருந்த இந்த ஊரைச் சோழர் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். நூறு வருஷம் கழித்துப் போசள மன்னன் விஷ்ணுவர்தனன் அவர்களை விரட்டி, அந்த வெற்றிக்குக் கீர்த்திநாராயணர் கோயில் கட்டினான். பிள்ளைகளுக்குப் பரிசல் சவாரி. ஆற்றில் மட்டும் இறங்கவிடாதீர்கள், ஆழம் தெரியாமல் இறங்கி உயிரைவிட்டவர்கள் உண்டு. மணலில் நடப்பது முழங்கால்காரர்களுக்குச் சிரமம். அத்தையை வைத்தியநாதேஸ்வரர் கோயில் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் போனோம்.

சோமநாதபுரம் 1258-இல் முடிந்த போசளர் கோயில். 2023-இல் பேலூர், ஹளேபீடுவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பூஜை கிடையாது. அத்தைக்கு அது ஒரு மனக்குறை. எனக்கோ வெளிச்சுவர் ஒன்றுக்கே ஒரு மணி நேரம் போதவில்லை. மாலை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள், தலைக்காட்டில் சாப்பாட்டுக்கு மேல் தங்காதீர்கள்.

மே மாதம் வந்தவர்களுக்கு என் யோசனை வேறு: காலையில் நேராக லேபாட்சி, வெயில் தாழ்ந்ததும் திரும்பும் வழியில் நந்தி கிராமத்துக் கோயில். மலை மேல் ஏறவே வேண்டாம். காவிரிப் பக்கம் போனால், திரும்பும்போது மளவள்ளியிலிருந்து மத்தூர் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். வடை சூடாகக் கிடைக்கும், வீட்டில் ராத்திரிச் சமையலும் மிச்சம்.