இளைஞர்களும் கலையும்: ப்ராஜெக்டுக்கு எந்தக் களம்?

எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு "இளைஞர்களும் கலையும்" என்று தலைப்பு யோசிக்கிற சென்னை மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில் நல்ல களங்கள் நாலு இருக்கின்றன. கண்ணகி நகர் சுவரோவியம், வடசென்னை கானா, அரசு இசைப்பள்ளி, பறைப் பயிற்சி வகுப்பு. நாலுமே அருமையானவை. ஆனால் ஒரு செமஸ்டருக்குள் அதே இளைஞர்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்க முடியுமா, கலையைச் செய்கிறவர்கள் அவர்களேதானா என்று பார்த்தால் நாலும் ஒன்றில்லை.

கண்ணகி நகர்தான் முதலில் கண்ணில் படும். 2000 வாக்கில் நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியேற்றிய இடம், 2020-இல் அடுக்குமாடிச் சுவர்கள் பலவற்றில் பெரிய ஓவியங்கள் வந்தன. படங்கள் பிரமாதமாக வரும். ஆனால் வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஓவியர்கள், அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் பார்வையாளர்கள். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் குறை, ஓவியம் வந்தபின் அது மாறியதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், ஆனால் அது கலையைவிட வேலைவாய்ப்பைப் பற்றிய ஆய்வாகிவிடும்.

கானாவில் விஷயம் கொட்டிக் கிடக்கிறது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டு யூடியூபுக்கு வந்து, 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது நேரடி அரசியலும் பேசியது. சிக்கல் எங்கே என்றால், பெயர் தெரிந்த பாடகர்கள் ஏற்கெனவே நிறையப் பேட்டி கொடுத்தவர்கள், தெருவில் பாடுகிற பையன்களிடம் பழக மாதக்கணக்கில் ஆகும், அப்புறம் துக்க வீட்டில் போய் ரெக்கார்டரை நீட்டுவது முறையா என்ற கேள்வியும் இருக்கிறது. பிஎச்.டி.க்கு எடுங்கள், கட்டாயம் எடுங்கள்.

இசைப்பள்ளி என்றால் பக்கத்தில் காஞ்சிபுரம். மூன்று வருடப் படிப்பு, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் எல்லாம் உண்டு. தவில் பழகுகிற பையன் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் கழியோடு ஒரே தாளச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், முகூர்த்த நாட்களை நம்பி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்வது என்றால் என்ன என்ற கேள்வி தானாக வரும். பரம்பரைக் குடும்பத்துப் பிள்ளைகள் யார், புதிதாக வந்தவர்கள் யார் என்பதே ஒரு முழு அத்தியாயம். ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பள்ளியை நடத்துகிற அரசுத் துறையின் அனுமதியும் வேண்டும், அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் பாதி செமஸ்டர் போய்விடலாம். இரண்டு செமஸ்டர் இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

ஒரே செமஸ்டர் என்றால் பறைதான். வார இறுதியில் வகுப்பு, வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஆண் பெண் இருபாலரும், ஆகவே அதே முகங்களை வாராவாரம் பார்க்கலாம். ஒரு சாதியின் மேல் சாவுக்கடமையாகச் சுமத்தப்பட்ட கருவியை இன்று விரும்பி எடுக்கிறவர்கள் யார்? இதற்கு நாற்பது கேள்விக் கொஸ்டினேர் தேவையில்லை. பறை மாட்டுத்தோலா ஃபைபரா, தோல் என்றால் நெருப்பில் காய்ச்சுவது யார், சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டால் போவாயா, வகுப்புக்கு வருவது வீட்டுக்குத் தெரியுமா என்று நாலு கேளுங்கள், சாதியும் குடும்பமும் அரசியலும் அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வகுப்புக்கு வருகிறவர்களோடு நிறுத்தினால் பாதி ஆய்வுதான். அப்பா, தாத்தா அடித்த பறையை இனி தொடமாட்டேன் என்று முடிவெடுத்த அதே வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், அந்த முடிவும் மானத்திலிருந்து வந்ததுதான். அவர்களில் மூன்று நாலு பேரையாவது தேடிப்போய், இந்தப் புதிய வகுப்புகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள்.