டிக்கா டி3எக்ஸ் லைட், .308: வாங்கியதும், அதற்கு முன் வாங்கி முழித்ததும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மான் வேட்டைத் துப்பாக்கிக் கதை நம்ம ஊர் வேட்டைக்கு எழுதியது இல்லை. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, புள்ளிமானைத் தொட்டால் ஜெயில்தான், எனக்கு அதில் மாற்றுக் கருத்தும் கிடையாது. நான் நியூசிலாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன், லீவுக்குப் பாம்பன் வந்திருக்கிறேன். மண்டபத்துத் தம்பி ஒருவன் அடுத்த மாதம் அங்கே வேலைக்குக் கிளம்புகிறான். "அண்ணே, அங்க எல்லாரும் மான் சுடுவாங்களாமே, என்ன துப்பாக்கி வாங்குறது?" என்று கடற்கரையில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அங்கே கதையே வேறு. வௌவாலைத் தவிர அந்த நாட்டுக்கென்று தரையில் வாழும் பாலூட்டியே கிடையாது. மான் எல்லாம் 1851 முதல் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டது. புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, பெருகிப்போய்க் காட்டை மேய்ந்து தீர்க்கின்றன. அதனால் அரசு நிலத்தில் வேட்டையாட அனுமதிச் சீட்டை இலவசமாகவே தருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, அங்கே இருக்கும் கடமான் 1875-இல் இலங்கையிலிருந்து போனது. நம்ம கடலுக்கு எதிர்க்கரைக்காரன்!

சரி, துப்பாக்கிக்கு வருவோம். என்னுடையது, தாழ்ப்பாள் மாதிரி ஒரு போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் ரகம். ஏன் போல்ட் ஆக்‌ஷன்? 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச்சில் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பிறகு தானாக அடுத்த தோட்டா ஏறும் ரகங்களில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள். தடை இல்லாவிட்டாலும் நான் போல்ட்தான் வாங்கியிருப்பேன். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டியிருப்பதால் அவசரப்பட்டு அடுத்தது சுட மாட்டோம், பழுதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

என் முதல் துப்பாக்கி இது இல்லை. கடை பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்து "சிவப்பு மான்" என்று சொன்னதுமே விற்பனைக்காரர் பெரிய தோட்டா போடும் .300 வின்செஸ்டர் மேக்னம் ஒன்றை எடுத்து நீட்டினார், எவ்வளவு தூரமானாலும் அடிக்கும், எதுவானாலும் விழும் என்றார், நானும் புதுசு, பெரிசுதான் நல்லது என்று தலையாட்டிவிட்டேன். கிழங்கான் பிடிக்கப் போகிறவன் சீலாத் தூண்டிலைக் கட்டிக்கொண்டு போவானா? அப்பா கூட வந்திருந்தால் கடை வாசலிலேயே கேட்டிருப்பார். சுட்டதும் தோளில் விழும் உதை அந்த ரகத்தில், அதே எடைத் துப்பாக்கியில் இப்போது நான் வைத்திருக்கும் .308 தோட்டாவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். முதல் நாள் இருபது தோட்டா சுட்டேன், ராத்திரி சட்டை கழற்ற முடியவில்லை. தோள் வலி நாலு நாளில் போய்விட்டது. போகாதது பயம். டிரிகரைத் தொடும்போதே கண் தானாக மூடும், கை ஒரு இழுப்பு இழுக்கும், குண்டு பக்கத்து மரத்துக்குப் போகும். பண்ணையில் கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்த விதம்தான் அழகு. தோட்டா போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, காலியாகவே திருப்பிக் கொடுத்துச் சுடச் சொன்னார். வெடிக்கவே இல்லை, ஆனால் குழல்முனை ஒரு அடி கீழே குதித்தது. அவர் சிரிக்கவில்லை. "இதை விற்றுவிடு" என்று மட்டும் சொன்னார்.

விற்றுவிட்டு வாங்கியதுதான் டிக்கா. பின்லாந்தில் ரீஹிமாக்கி என்ற ஊரில் சாக்கோ கம்பெனி செய்கிறது, டி3 என்ற மாடல் 2003-இல் வந்தது, அதைத் திருத்தி 2016-இல் டி3எக்ஸ் ஆக்கினார்கள். லைட் ரகம் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் மூன்று கிலோவுக்கும் குறைவு. போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், எண்ணெய் போட்ட கதவுத் தாழ்ப்பாள் மாதிரி, கைப்பிடியை 70 பாகைதான் தூக்க வேண்டும், ஸ்கோப்பில் விரல் இடிக்காது. டிரிகர் இழுபறி இல்லாமல் சட்டென்று விடுபடும், இழுக்கிற பாரத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். 100 மீட்டரில் நான் மூன்று குண்டு போட்டால் மூன்றையும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டு சேர்த்து மூடிவிடலாம். அதற்கு மேல் மானுக்குத் தேவையே இல்லை, அதன் நெஞ்சுப்பகுதி ஒரு சோற்றுத்தட்டு அளவு இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மேகசின் (தோட்டா போடும் பெட்டி) பிளாஸ்டிக், மூன்று தோட்டாதான், கூடுதலாக ஒன்று வாங்கப்போனால் விலையைக் கேட்டு முகம் சுளிப்பீர்கள். சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) போட்டால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது, அதனால் தோட்டாவை வெளியே எடுக்க சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும், அந்த நேரத்தில் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் வேண்டும். எடை குறைவாக இருப்பதும் இரண்டு பக்கம் கூரான கத்திதான், மலை ஏறும்போது சுகம், சுடும்போது உதை கூடும். நான் சைலன்சர் மாட்டியிருக்கிறேன் (அங்கே அது சட்டப்படி சரி), உதையும் குறைந்தது, காதும் தப்பித்தது.

இப்போது காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது. இதில்தான் ஆளாளுக்குச் சண்டை போடுவார்கள். .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது, அதே தோட்டாக் கூட்டின் வாயை ஒடுக்கிச் செய்தவைதான் 1955-இன் .243-உம் 1980-இன் 7எம்எம்-08-உம். .243 உதையில் பூனைக்குட்டி, சின்ன மானுக்குப் போதும், பெரிய கிடாச் சிவப்பு மானுக்குக் குண்டு சின்னது, இடம் பார்த்து வைக்கத் தெரிந்தவன் கைக்கு மட்டும். பையன்கள் எல்லாம் 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் என்று உருகுகிறார்கள், நல்லதுதான், காற்றில் குறைவாக விலகும், ஆனால் நான் சுட்ட மான் ஒன்றுகூட 200 மீட்டரைத் தாண்டியதில்லை, புதரும் பள்ளமுமான காட்டில் அதற்கு மேல் கண்ணுக்கே தெரியாது. .308-ஐ 100 மீட்டரில் குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சரிபார்த்து வைத்தால் 200-இல் ஏறக்குறைய அரைச் சாண் இறங்கும், 300-இல் இரண்டு சாண். அந்த அரைச் சாணை மனசிலேயே கூட்டிக்கொள்ளலாம்.

.308 வாங்கியதற்கு ஒரே காரணம், எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். ஆனால் இன்று முதல்முறையாக வாங்குவதாக இருந்தால் 7எம்எம்-08 தான் எடுப்பேன். உதை கொஞ்சம் குறைவு, மான் விழுவதில் வித்தியாசம் தெரியாது. தம்பிக்கும் அதையே சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது, .300 மேக்னம் படத்தை ஏற்கெனவே போனில் வைத்திருக்கிறான்.

எந்தக் காலிபர் எடுத்தாலும் குண்டு உடம்பில் பட்டதும் விரியும் ரகமாக இருக்கட்டும். .308-க்கு மிலிட்டரி ரகத் தோட்டா மலிவாகக் கிடைக்கும், முழுக்க உறை போட்ட குண்டு, ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும், மான் அடிபட்டு ஓடி எங்கேயோ இரண்டு நாள் கழித்துச் சாகும். அது பாவம், காசு மிச்சம் என்று அதைச் செய்யாதீர்கள்.

கடைசியாகத் துரு. பாம்பன்காரனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1914-இல் திறந்த ரயில் பாலம், அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, முதல் துப்பாக்கியைக் கறுப்பு மெருகு போட்ட சாதா இரும்பில் வாங்கி, மழையில் நனைந்ததை உறையோடு பெட்டியில் வைத்துப் பூட்டி, பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்து வெட்கப்பட்டேன். டிக்காவை ஸ்டெயின்லெஸ்ஸில் எடுத்தது அதனால்தான், அதற்குக் கொடுத்த கூடுதல் காசு வீண் இல்லை. போட்டோவைக் காட்டினால் அப்பா காலிபரையும் கேட்கவில்லை, தூரத்தையும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் திருகு வேற இரும்புல்ல?" என்றார். ஸ்கோப் வளையத்தின் திருகுகள். நியூசிலாந்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதற்கு ஆளுக்கொரு துளி எண்ணெய் விட வேண்டும்.